சாயக் கழிவுநீர்: பொது நிலையத்தில் சேர்வதா, சொந்தமாகக் கட்டுவதா?

என் சித்தப்பா மகன் பத்து வருடம் சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்தவன். இப்போது ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சொந்தமாகப் பட்டறை தொடங்கப் போகிறான். நாளொன்றுக்கு 2 டன் பின்னல் துணி என்பது திட்டம். அலசுவதையும் சேர்த்துக் கிலோவுக்கு 50 லிட்டர் என்று போட்டால், தினமும் 100 கிலோ லிட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் வரும். அதை என்ன செய்வது என்பதில்தான் மூன்று வழிகளுக்கு நடுவே நிற்கிறான்.

திருப்பூரில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக உள்ள பழைய பட்டறை ஒன்று, அதன் கொள்ளளவுப் பங்கோடு (தினமும் இத்தனை லிட்டர் கழிவுநீர் அனுப்பலாம் என்ற ஒதுக்கீடு) விலைக்கு வருகிறது. அது ஒரு வழி. ஊரை விட்டுத் தள்ளி நிலம் வாங்கி, சுத்திகரிப்பு நிலையத்தையும் தானே கட்டிக்கொள்வது இன்னொரு வழி. பட்டறையே வேண்டாம், கிடைக்கிற ஆர்டரை ஏற்கெனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற்று ஓடும் இடத்தில் ஜாப் வொர்க்காகக் கொடுத்துச் சாயம் போட்டு வாங்கலாம் என்பது மூன்றாவது. "எதுங்கண்ணா பண்ணட்டும்?" என்று கேட்டான்.

அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பதினேழு வருடமாகச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்க்கிறேன். எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் திரும்பியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதனால் இதை வெறும் செலவுக் கணக்காக என்னால் எழுத முடியாது.

எல்லாச் சிக்கலும் உப்பில் இருந்து வருகிறது. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் வரைக்கும் போடுகிறோம். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும், உப்பு முழுக்கத் தண்ணீரிலேயே தங்கிவிடும். கழிவுநீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்னும், நிறத்தைக் குளோரினோ ஓசோனோ எடுத்துவிடும். கரைந்த உப்பை இந்த இரண்டும் தொடாது. தெளிந்த, நிறமில்லாத, நாற்றமில்லாத தண்ணீர் வெளியே போகும். அதில் லிட்டருக்கு 6 கிராம் உப்பு இருக்கும். பார்க்கிறவர்களுக்கு நல்ல தண்ணீர் மாதிரித்தான் தெரியும். அந்தத் தண்ணீர்தான் வருடக்கணக்கில் நொய்யலில் ஓடியது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்காக 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. கொஞ்ச வருடத்திலேயே அது சாயக் கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிவிட்டது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்து உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பட்டறைக்காரர்களே பொறுப்பு என்று உறுதி செய்தது. அப்படியும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகளின் மின் இணைப்பு போனது. கழிவுநீரில் ஒரு சொட்டுகூட வெளியே போகாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறையைக் காட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள்.

அதனால் இன்று திருப்பூர்ப் பக்கம் பட்டறை வைக்கிற எவருக்கும் "எவ்வளவு சுத்தப்படுத்தி வெளியே விடலாம்" என்ற கேள்வியே கிடையாது. வெளியே விடவே கூடாது. நாட்டின் மற்ற பகுதிகளில் பொது நிலையம் ஆற்றில் விடும் தண்ணீருக்கு பி.ஓ.டி. (நுண்ணுயிர் தின்னக்கூடிய அழுக்கின் அளவு) 30, சி.ஓ.டி. (ரசாயன முறையில் அளக்கும் அழுக்கின் அளவு) 250, மிதக்கும் திடப்பொருள் 100, கரைந்த உப்பு 2,100 மில்லிகிராம் என்று லிட்டருக்கு வரம்பு இருக்கிறது. அந்த எண்கள் நமக்கு மனப்பாடமாக இருக்கலாம், ஆனால் இங்கே அவற்றை வைத்துக்கொண்டு தப்பிக்க வழியில்லை. கழிவுநீர் வெளியேறும் குழாய் என்று ஒன்று இருந்தாலே அது குற்றம்.

உப்பை எங்கே வைப்பது?

மூன்று வழிகளையும் ஒப்பிடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 100 கிலோ லிட்டர் தண்ணீரில், லிட்டருக்கு 6 கிராம் என்றால் தினமும் 600 கிலோ உப்பு. உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வுகளை அடுக்கடுக்காக வைத்து 85 சதவீதம் நல்ல தண்ணீர் எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். சவ்வு ஒதுக்கித் தள்ளும் மீதி 15 கிலோ லிட்டரில் (இதைத்தான் ரிஜெக்ட் என்போம்) அந்த 600 கிலோவும் உட்கார்ந்திருக்கும். லிட்டருக்கு 40 கிராம், கடல் நீரை விட உப்பு. இதைத் தண்ணீரை ஆவியாக்கி உப்பைத் தனியே எடுக்கும் எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டும்.

ஒரு கிலோ லிட்டர் தண்ணீரை வெறுமனே கொதிக்க வைத்து ஆவியாக்க, 630 யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். அதனால்தான் ஒரு கலத்தின் ஆவியை வைத்து அடுத்த கலத்தைச் சூடாக்கும் பல அடுக்கு எவாப்பரேட்டர் வந்தது. மூன்று அடுக்கு இருந்தால், 15 கிலோ லிட்டருக்குத் தோராயமாக 5 முதல் 6 டன் நீராவி போதும். விறகு பாய்லர் என்றால் தினமும் 2 டன்னை ஒட்டி விறகு. ஆவியை அழுத்தித் திரும்பப் பயன்படுத்தும் எம்.வி.ஆர். இயந்திரம் இதை விட மிகக் குறைந்த ஆற்றலில் ஓடும். ஆனால் வாங்கும் விலை கூடுதல், அதைச் சரியாகப் பராமரிக்கத் தெரிந்த ஆளும் குறைவு.

சொந்த நிலையம் கட்டுகிறேன் என்று வருகிற எல்லோரும் உயிரியல் தொட்டிக்கும் ஆர்.ஓ.வுக்கும் கொட்டேஷன் வாங்கி வருகிறார்கள். எவாப்பரேட்டரை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். ஆனால் மாதா மாதம் செலவு இழுப்பதும் ஊரைக் கெடுப்பதும் அந்தக் கடைசி 15 சதவீதம்தான். அதற்குப் பணம் இல்லாத நாளில்தான் ராத்திரியில் வால்வு திறக்கப்படுகிறது.

நானும் ஒருமுறை திறந்திருக்கிறேன். 2009 ஐப்பசி மழை. நான் ஷிஃப்ட் பார்த்த நிலையத்தில் எவாப்பரேட்டர் பழுதாகி பத்து நாளாக நிற்கிறது, ரிஜெக்ட் தொட்டி விளிம்பு வரை வந்துவிட்டது, பட்டறையில் இருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. நிர்வாகத்துக்குப் போன் செய்தேன். "பள்ளத்துல தண்ணி போகுது இல்ல? திறந்துவிடு" என்றார்கள். திறந்தேன். காலையில் லாக் புக்கில், என் கையெழுத்தில், "வெளியேற்றம்: இல்லை" என்று எழுதினேன். அந்தப் பள்ளம் நொய்யலில் சேர்கிறது, நொய்யல் எங்கள் தோட்டத்தைத் தாண்டிப் போகிறது. லாக் புக்கின் அந்தப் பக்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கணக்கை எழுதுகிற ஆள் உண்மையை எழுத முடிகிற நிலையில் இருக்க வேண்டும் என்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது அதனால்தான். மூன்று வழிகளையும் நான் அந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

சொந்த நிலையம்

இதன் பெரிய பலம், எல்லாம் நம் கண்ணுக்கு முன்னால் இருப்பது. என்ன சாயம் போடுகிறோம், எந்த உப்பு, எத்தனை மணிக்கு எந்த பாத் (இயந்திரத்தில் உள்ள சாயக் கரைசல்) இறங்குகிறது என்று சுத்திகரிப்பு ஆபரேட்டருக்குத் தெரியும். மாஸ்டரும் ஆபரேட்டரும் ஒரே வளாகத்தில் இருந்தால், அடர் கறுப்புக்குப் பிறகு வெளிர் நிறம் என்று மாற்றி மாற்றிப் போட்டு வரும் தண்ணீரைச் சமப்படுத்தலாம். கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) மட்டுமே பயன்படுத்துவது என்று உறுதியாக இருந்தால், திரும்ப எடுக்கும் உப்புக் கரைசலை மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தலாம். சாதா உப்பையும் கிளாபர் உப்பையும் கலந்து போட்டால், கடைசியில் வருவது யாருக்கும் ஆகாத கலப்பு உப்பு. மூட்டை மூட்டையாக ஷெட்டில் சேரும், விற்கவும் முடியாது, கொட்டவும் கூடாது.

பலவீனம் என்னவென்றால், 100 கிலோ லிட்டருக்குக் கட்டினாலும் 1,000 கிலோ லிட்டருக்குக் கட்டினாலும் ஆள் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று ஷிஃப்ட்டுக்கும் ஆபரேட்டர், ஒரு கெமிஸ்ட், பாய்லருக்கு ஆள், பம்ப் பழுது பார்க்க ஒருவர். 2 டன் துணி ஓட்டும் பட்டறை இத்தனை பேரைத் தாங்குமா? ஆர்டர் இல்லாத மாதத்தில் கழிவு குறைந்தால் உயிரியல் தொட்டியில் நுண்ணுயிர்கள் பட்டினி கிடந்து சாகும். மறுபடி தேற்ற வாரக்கணக்கில் ஆகும். ஒரே ஒரு எவாப்பரேட்டர்தான் இருக்கும், அது நின்றால் பட்டறையை நிறுத்த வேண்டும். சாயம் போட்டுக்கொண்டிருக்கும் துணியைப் பாதியில் நிறுத்தத் துணிகிற முதலாளிக்குத்தான் சொந்த நிலையம் பொருந்தும்.

இடப் பிரச்சினையும் உண்டு. 1989-ஆம் ஆண்டு அரசாணை, பட்டியலிட்ட நீர்நிலைகளுக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும், 1998-ஆம் ஆண்டு அரசாணை குறிப்பிட்ட ஆறுகளுக்கு 5 கிலோமீட்டருக்குள்ளும் சாயப்பட்டறை மாதிரியான தொழில்கள் புதிதாக வருவதைத் தடுக்கின்றன. "நிலம் மலிவாக வருகிறது" என்று தம்பி காட்டிய இரண்டு இடத்தில் ஒன்று, வரைபடத்தில் அளந்தால் ஆற்றிலிருந்து 3 கிலோமீட்டர். முன்பணம் கொடுக்கும் முன் அளந்தது நல்லதாகப் போயிற்று. நிறுவுவதற்கான இசைவு கைக்கு வராமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்பதையும் சொல்லி வைத்தேன். கட்டி முடித்துவிட்டுக் கேட்டால் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பொது நிலையம்

திருப்பூரில் இப்படி 18 நிலையங்கள் உள்ளன. உறுப்பினர்கள் பங்கு போட்டு நடத்தும் கம்பெனி அது; ஒவ்வொருவருக்கும் நாளைக்கு இத்தனை கிலோ லிட்டர் என்று கொள்ளளவு ஒதுக்கியிருப்பார்கள். பட்டறையில் சேகரிப்புத் தொட்டி, ஃப்ளோ மீட்டர், அங்கிருந்து குழாய். சுத்திகரித்த தண்ணீரும் உப்புக் கரைசலும் திரும்பி வரும். எவாப்பரேட்டரில் ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும். கெமிஸ்ட், ஆய்வகம், ஆன்லைன் அளவீட்டுக் கருவி எல்லாம் பொதுச் செலவு. சிறு பட்டறையால் தனியாகக் கட்ட முடியாத ஒன்றைப் பலர் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள் என்பதை நான் மதிக்கிறேன். 2011-க்குப் பிறகு இந்த ஊர் பிழைத்துக் கிடப்பது அதனால்தான்.

ஆனால் 2011-இல் நடந்த இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஒழுங்காக ஓட்டியவரும் ஓட்டாதவரும் சேர்ந்தே மூடப்பட்டார்கள். பொது நிலையத்தில் நம் விதி மற்ற உறுப்பினர்களின் கையிலும் இருக்கிறது. ஒருவர் ஒதுக்கீட்டை மீறி விட்டாலும், ஒருவர் கிளாபருக்குப் பதில் மலிவு உப்பைப் போட்டாலும், எல்லோருடைய தண்ணீரும் கெடும். அதனால் பங்கு என்ன விலை என்று கேட்பதற்கு முன், அந்த நிலையத்தைப் பற்றிச் சிலவற்றைக் கேட்டாக வேண்டும்.

எல்லா உறுப்பினர்களுக்கும் ஒதுக்கிய மொத்த அளவு என்ன, நிலையம் தினமும் உண்மையில் எடுக்கும் அளவு என்ன? எவாப்பரேட்டர் கடந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் ஓடியது? ரிஜெக்ட் தொட்டியின் மட்டம் இன்று எங்கே இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியை ஆபீஸில் உட்கார்ந்து கேட்காமல், தொட்டி மேல் ஏறிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மழை இல்லாத மாதத்திலேயே தொட்டி நிறைந்திருந்தால், அந்த நிலையத்தால் உறுப்பினர்களின் தண்ணீரைத் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். அப்புறம் கசடுக் கிடங்கு. சுத்திகரிப்பில் வரும் ரசாயனக் கசடு அபாயகரமான கழிவு என்று 2016-ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் உள்ள பாதுகாப்பான நிரப்பு நிலையத்துக்கோ, சூளையில் எரிக்கும் சிமென்ட் ஆலைக்கோ போக வேண்டும். அழுக்கைப் படிய வைக்கச் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் அள்ளிப் போடும் நிலையத்தில் கசடு மலை போலச் சேரும். உயிரியல் முறையை நம்பி ஓடும் நிலையத்தில் அதில் ஒரு பகுதிதான் வரும். கிடங்கைப் பார்த்தாலே நிலையம் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

கசடைச் சும்மா சேர்த்து வைப்பது காகிதத் தவறு மட்டும் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில், தோல் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரவு நேரம். கசடு கிடங்கில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்ற ஒரு வரியை ரிஜிஸ்டரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர் நினைவுக்கு வரும்.

ஜாப் வொர்க்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்டர் நிலையில்லை, கையில் பணம் இறுக்கம் என்றால் இதுவே பாதுகாப்பு. கழிவு நம் பெயரில் இல்லை, இசைவு வாங்கும் வேலை இல்லை. லாபத்தில் ஒரு பகுதி போகும், நிறத்தின் தரம் நம் கைக்குள் இருக்காது. இங்கேயும் ஒரு எச்சரிக்கை. இன்று வெளிநாட்டுப் பையர்கள் துணி எங்கே சாயமேறியது, அந்த இடத்தின் கழிவுநீர்ப் பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்கிறார்கள். கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துச் சாயம் போட்டுத் தருகிறவர் அந்த ஐந்து ரூபாயை எங்கிருந்து எடுக்கிறார் என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் எவாப்பரேட்டரில் இருந்துதான்.

கணக்கு எழுதுவது யார்?

பட்டறை தொடங்குகிறவர்கள் கடைசியில் யோசிக்கும் விஷயம் இது. என்னைக் கேட்டால் முதலில் யோசிக்க வேண்டும்.

பொது நிலையத்தில் சேர்ந்துவிட்டால் வாரியத்துக்கு எழுதிக் கொடுக்கும் வேலை எல்லாம் அவர்களுடையது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படியும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டப்படியும் இயக்குவதற்கான இசைவு ஒவ்வொரு பட்டறையும் தன் பெயரில் வாங்க வேண்டும், அதில் கால வரம்பு இருந்தால் அது முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான வருடத்துக்கு, துணியின் கிலோவுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மூலப்பொருள், என்ன கழிவு என்று சொல்லும் சுற்றுச்சூழல் அறிக்கையைப் படிவம் 5-இல் செப்டம்பர் 30-க்குள் கொடுக்க வேண்டும். நிலையத்தின் கசடு நிலையத்தின் கணக்கில் போகும், சரி. ஆனால் பட்டறையில் மிஞ்சும் ரசாயன டிரம், ஜெனரேட்டரின் பழைய ஆயில் இவை பட்டறையின் அபாயக் கழிவு. அதற்குத் தினசரிப் பதிவு படிவம் 3, ஆண்டறிக்கை படிவம் 4 ஜூன் 30-க்குள், லாரியில் ஏற்றினால் கழிவோடு போகும் ஏழு பிரதி மேனிஃபெஸ்ட் சீட்டு படிவம் 10. பழைய டிரம்மைத் தண்ணீர் பிடிக்க என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே என்ன இருந்தது என்று அந்த வீட்டுக் குழந்தைக்குத் தெரியாது.

சொந்த நிலையம் என்றால் மேலே சொன்ன எல்லாமும், அதோடு கசடு, உப்பு, ஆன்லைன் கருவியும் நம் தலையில். 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களையும் பொது நிலையங்களையும் ஆன்லைன் கருவி பொருத்தச் சொன்னதிலிருந்து, அளவுகள் நேராக வாரியத்தின் திரைக்குப் போகின்றன. கருவி முனையை நல்ல தண்ணீர் வாளியில் போட்டு வைக்கும் கெட்டிக்காரத்தனத்தை நான் பார்த்திருக்கிறேன். இரவும் பகலும் ஒரே எண் காட்டினால் அது தண்ணீர் இல்லை, வாளி என்று திரையில் பார்க்கிறவருக்குத் தெரியாமல் போகாது.

ஜீரோ டிஸ்சார்ஜில் எதைப் பார்த்து நிஜம் பொய் கண்டுபிடிப்பார்கள்? தண்ணீர் வரவு செலவில். 2 டன் துணியைப் பிழிந்து எடுத்தபின் அதில் ஒட்டியிருக்கும் ஈரம் ஒன்றரை கிலோ லிட்டருக்குள். பாய்லருக்குக் கொஞ்சம், கசடில் கொஞ்சம், குடிக்க, கழுவக் கொஞ்சம். 98 சதவீதம் திரும்ப எடுக்கிறேன் என்று படிவத்தில் எழுதிவிட்டு, தினமும் 40 கிலோ லிட்டர் புதுத் தண்ணீர் லாரியில் வாங்கினால், அந்தத் தண்ணீர் எங்கே போனது? விறகுப் பில்லும் மின் கட்டணமும் இதே கேள்வியைக் கேட்கும். 15 கிலோ லிட்டர் காய்ச்சியதாக எழுதிய நாளில் அரை டன் விறகுதான் எரிந்திருந்தால், மிச்சத்தை யார் காய்ச்சியது? கன்சல்டன்ட் ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை வந்து அழகாகப் பூர்த்தி செய்து தரும் படிவம் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். கன்சல்டன்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் நிரப்பும் ஒவ்வொரு எண்ணுக்கும் நம் லாக் புக்கில் ஒரு வரி இருக்க வேண்டும் என்கிறேன்.

மாதிரி எடுக்க அதிகாரி வந்தால் பதற வேண்டியதில்லை. நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, நாம் கேட்டால் நம் முன்னாலேயே மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். ஒழுங்காக ஓட்டுகிறவருக்கு அது ஒரு பாதுகாப்பு. 33ஏ பிரிவு அப்படி இல்லை. மூடச் சொல்லவும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லவும் வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது.

பணத் தண்டனையையும் தம்பிக்குக் கணக்குப் போட்டே காட்டினேன். மத்திய வாரியத்தின் இழப்பீட்டுச் சூத்திரத்தில், சாயப்பட்டறை போல அதிகம் மாசுபடுத்தும் சிவப்பு வகைத் தொழிலுக்கு 80, ரூபாய்க் காரணி 250, சிறு தொழிலுக்கு 0.5, 10 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊருக்கு 1. பெருக்கினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். விதிமீறல் 60 நாள் நடந்ததாகக் கணக்கிட்டால் 6 லட்சம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு ஐந்து வருடம் வரை சிறை இருந்தது. 2023-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பல மீறல்களுக்கு 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாறியிருக்கிறது. சிறை போனதால் பயம் விட்டது என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. ஆற்றைக் கெடுக்காமல் இருக்க ஜெயில் பயம் மட்டும்தான் காரணமாக இருக்க வேண்டுமா?

என் முடிவு

100 கிலோ லிட்டர் அளவுக்கு நான் சொந்த நிலையத்தைச் சொல்ல மாட்டேன். ஆள் செலவும், ஒற்றை எவாப்பரேட்டரும் சேர்ந்து, மோசமான ஒரு மாதத்தில் நல்ல மனிதரையும் வால்வுப் பக்கம் தள்ளிவிடும். நாளைக்கு 400, 500 கிலோ லிட்டர் ஓடி, எவாப்பரேட்டர் இரண்டு வைக்க வசதியும், ரிஜெக்ட்டைப் பல நாள் தாங்கும் தொட்டிக்கு இடமும் இருந்தால் பேச்சு வேறு. அப்போது சொந்த நிலையத்தின் கட்டுப்பாடு நிஜமான பலம்.

இவனுக்கு ஏற்றது பொது நிலையம். ஆனால் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றேன். நிலையம் தன் லாக் புக்கைத் திறந்து காட்ட வேண்டும். பட்டறையில் இருந்து போகும் தண்ணீருக்கும் திரும்பி வரும் தண்ணீருக்கும் நம் சொந்த மீட்டர், நம் சொந்த நோட்டு. அதைத் தினமும் காலையில் முதலாளியே எழுத வேண்டும், வேறு யாரிடமும் விடக் கூடாது. மூன்றாவது, பங்கு வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தண்ணீரைக் குறைக்கும் இயந்திரத்துக்கு ஒதுக்க வேண்டும். துணிக்கும் தண்ணீருக்கும் 1:10 விகிதத்தில் ஓடும் பழைய இயந்திரத்துக்குப் பதில் 1:5-இல் ஓடுவதை வாங்கினால், அந்த பாத்துக்குத் தண்ணீர் பாதி. உப்பை லிட்டர் கணக்கில் போடுவதால் உப்பும் ஏறக்குறைய பாதி. சுத்திகரிப்பில் எவ்வளவு செலவழித்தாலும், போடாத உப்பின் அளவுக்கு மிச்சம் கிடைக்காது.

நிலையம் புத்தகத்தைக் காட்ட மறுத்தால், பட்டறை எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிட்டு இரண்டு வருடம் ஜாப் வொர்க்கில் ஓட்டச் சொன்னேன். அதற்குள் வேறு நிலையத்தில் பங்கு வரும்.

போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஆறு மாத எவாப்பரேட்டர் பதிவைப் போட்டோ எடுக்க விட்டிருக்கிறார்கள், அதுவே நல்ல அறிகுறி. அதில் இரண்டு வாரம் வெற்றாக இருக்கிறது. பழுது என்று சொன்னார்களாம். அந்த இரண்டு வாரமும் உறுப்பினர் பட்டறைகளில் இருந்து எவ்வளவு தண்ணீர் வந்தது, ரிஜெக்ட் தொட்டி மட்டம் தினமும் என்ன என்ற பக்கத்தைக் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். முன்பணம் அதற்கப்புறம்தான்.